எந்த வகைக்கு எந்தப் படம்: ஒரு பழைய கேசட் கடைக்காரரின் பதில்

கேள்வி: பேய்ப் படம், சிரிப்புப் படம், காதல் படம், அரசியல் படம் என்று ஒவ்வொரு வகையிலும் உங்களுக்கு ரொம்பப் பிடித்த தமிழ்ப் படம் எது? ஏன் பிடிக்கும் என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சுருக்கமாகத்தான் சொல்லப் பார்க்கிறேன் தம்பி, எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. நான் விமர்சகன் இல்லை. 1987-லிருந்து 13 வருடம் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவன். நீங்கள் 'வகை' என்று சொல்வது எனக்கு அலமாரித் தட்டு. மேல் தட்டில் சாமி படம், அதற்குக் கீழே குடும்பம், அப்புறம் காதல், சிரிப்பு, சண்டை, கடைசியில் குழந்தைகள் கைக்கு எட்டாத மூலையில் திகில்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படத்தின் பெயர் ஞாபகம் இருக்காது. நடிகர் பெயரைச் சொன்னாலும் உபயோகமில்லை, சிவாஜி என்றால் எந்தச் சிவாஜி? ஆனால் படத்தில் வந்த ஏதோ ஒரு சாமான் மட்டும் அவர்களுக்கு மறக்கவே மறக்காது. "சாம்பார்ல மீன் விழுமே, அது இருக்கா?" என்பார்கள். "வின்ச் ஓட்டுவாரே ரஜினி, அந்தப் படம்" என்பார்கள். நானும் கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிடுவேன். வருடக்கணக்கில் இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதே புத்தி வந்துவிட்டது. பார்த்துப் பத்து வருடம் கழித்தும் ஒரு நாற்காலியோ ஒரு மூட்டை சிமென்டோ கண்ணில் நின்றால் அது நல்ல படம். கதை மட்டும் ஞாபகம் இருந்தால் சுமாரான படம்.

அந்தக் காலத்தில் டெக், அதாவது கேசட் போட்டுப் பார்க்கும் பெட்டி, வாடகைக்குப் போவது பெரிய வைபவம். கலர் டிவி, டெக், நாலு கேசட், எல்லாவற்றையும் மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றிக் கட்டி அனுப்புவோம். நாலு படத்தையும் எந்த வரிசையில் போடுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சாமி படம், பாட்டி உட்காருவார். இரண்டாவது குடும்பப் படம், பெண்கள் வேலையை முடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்வார்கள். மூன்றாவது சிரிப்பு. பெரியவர்கள் தூங்கிய பிறகு சண்டையோ திகிலோ. அந்த வரிசையிலேயே போகிறேன்.

சாமி படம் என்றால் 1965-ல் வந்த திருவிளையாடல். ஏ.பி.நாகராஜன் எடுத்தது, நக்கீரராக அவரே நடித்ததும் அதில்தான். சிவாஜி சிவபெருமானாக வந்து கண்ணை உருட்டுகிறார், கடலையே நடுங்க வைக்கிறார், எல்லாம் சரி. ஆனால் கேசட் கேட்டு வந்தவர்கள் யாரும் சிவன் படம் என்று கேட்டதில்லை, 'தருமி படம்' என்றுதான் கேட்டார்கள். கோயில் மண்டபத்தில் தனக்குத்தானே புலம்பிக்கொண்டு நிற்கும் அந்த ஏழைப் புலவனின் குறை பக்திக் குறையே இல்லை. ராஜா ஆயிரம் பொற்காசு அறிவித்திருக்கிறார், நமக்குப் பாட்டு எழுத வரவில்லையே என்கிற குறை. சாமியே எதிரில் வந்து நின்று பாட்டுத் தருகிறேன் என்றாலும் அவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். நாகேஷின் கை கால்கள் உடம்போடு சரியாகப் பூட்டப்படாதவை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். புராணப் படத்துக்கு நடுவில் சம்பளம் வராத ஒரு மனிதரை நிறுத்தி வைத்தாரே நாகராஜன், அதுதான் பெரிய விஷயம்.

அதே படத்தில் எனக்கு இன்னும் பிடித்த ஆள் டி.எஸ்.பாலையா. ஹேமநாத பாகவதராக வந்து 'ஒருநாள் போதுமா' என்று சபையில் அமர்க்களம் செய்வார். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது, ஆனால் அந்த மிதப்பு முழுக்கப் பாலையாவுடையது. ராத்திரி திண்ணையில் விறகுக்காரர் பாடுவதைக் கேட்டதும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். பாடுகிறவரைவிடக் கேட்கிறவரைப் பார்க்க வேண்டிய காட்சி அது.

குடும்பப் படத்தில் முள்ளும் மலரும் (1978), உதிரிப்பூக்கள் (1979), இரண்டில் எது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இரண்டுமே மகேந்திரன். அண்ணன் தங்கை பாசம் என்றால் அதுவரை தமிழ்ப் படத்தில் கண்ணீர் குடம் குடமாகக் கொட்டும். மகேந்திரனே தங்கப்பதக்கம் மாதிரி வசனத்தால் நின்ற படத்துக்கு எழுதியவர்தான். அவர் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, வாயை மூட வைத்தது. முள்ளும் மலரும் படத்தில் ரஜினிதான் காளி, அவனுக்கு மேலே கீழே ஆளை ஏற்றி இறக்கும் வின்ச் வேலை. முரடன், குடிப்பான், புதிதாக வந்த இன்ஜினீயரைக் கண்டால் ஆகாது. கை போன பிறகும் "கெட்ட பய சார் இந்த காளி" என்று அவர் முன்னாலேயே விறைப்பாக நிற்பான். கடைசியில் தங்கச்சியை அந்த இன்ஜினீயருக்கே கட்டிக் கொடுக்கச் சம்மதிக்கும்போதுகூட, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் சம்மதிப்பான். வேறு யார் எடுத்திருந்தாலும் அந்த இடத்தில் மச்சானும் மச்சானும் கட்டிப் பிடித்திருப்பார்கள். பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவு அந்த மலைப் பக்கத்துக் குளிரைத் தோல் வரைக்கும் கொண்டுவந்துவிடும். கேசட்டில் பார்த்தபோது பாதி இருட்டுதான், அப்போதே அப்படி.

உதிரிப்பூக்கள் புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து பிறந்த படம். பிறந்த என்றுதான் சொல்ல வேண்டும், கதையை அப்படியே எடுக்கவில்லை. சுந்தரவடிவேலு என்கிற அந்த ஊர்ப் பெரிய மனிதர் கத்துவதே இல்லை. வெள்ளை வேட்டி, அமைதியான பேச்சு, அவ்வளவுதான். அவர் வீட்டுக்குள் வந்தாலே மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் மூச்சு முட்டும். கடைசியில் ஊரே சேர்ந்து அவரை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. இறங்குவதற்கு முன் ஊர்க்காரர்களைப் பார்த்து அவர் சொல்வது, தான் செய்த பாவங்களிலேயே பெரியது உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டதுதான் என்கிற பொருளில் இருக்கும். வில்லன் செத்தால் கைதட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. இந்தக் கேசட் ஓடிய வீடுகளில் யாரும் தட்டியதாக எனக்குத் தகவல் வந்ததில்லை.

இதே தட்டில் வீடு (1988) என்று ஒரு கேசட்டும் வைத்திருந்தேன். தூசிதான் படியும். சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் யாரோ சொன்னார்கள் என்று வந்து எடுப்பார்கள், மறுநாள் முகம் செத்துப் போய்த் திருப்பிக் கொடுப்பார்கள். ஒரு நடுத்தர வர்க்கத்துப் பெண் சின்னதாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. பிளான் அப்ரூவலுக்கு லஞ்சம், சிமென்ட் மூட்டையைக் கடத்தும் கான்ட்ராக்டர், அதைக் காட்டிக் கொடுக்கும் சித்தாள் மங்கம்மா. இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துக்காக ஏற்கெனவே போட்டிருந்த இசைதான் பின்னணியாக வரும். அர்ச்சனாவுக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது. என் கண்ணில் நிற்பவர் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். முடியாத உடம்போடு தனியாகக் கிளம்பி வந்து, பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்ப்பார். பூசாத செங்கல் சுவர். நான் வீடு கட்டியபோது, மேஸ்திரி போன பிறகு சாயங்காலம் தனியாக நின்று அதேபோல் தடவிப் பார்த்தேன். படத்தில் வந்தமாதிரியே என் சிமென்டிலும் நாலு மூட்டை கணக்கில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

காதல் படத்துக்கு நீங்கள் வேறு பெயர் எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு ஜானி (1980). அதைக் காதல் தட்டில் வைப்பதா சண்டைத் தட்டில் வைப்பதா என்று எனக்கும் கடைப் பையனுக்கும் தகராறே வந்திருக்கிறது. ரஜினிக்கு இரட்டை வேடம், ஒருவர் திருடர், இன்னொருவர் சவரக் கத்தி பிடிக்கும் வித்யாசாகர். ஆள் மாறாட்டம், போலீஸ் துரத்தல் எல்லாம் உண்டு. ஆனால் படத்தின் உயிர், பாடகி அர்ச்சனாவாக வரும் ஸ்ரீதேவி தன் காதலைச் சொல்லும் இடம். பெண்தான் முதலில் கேட்கிறாள். திருடர் ஜானி தயங்குகிறார், தன் பிழைப்பை நினைத்துத் தயங்குகிறார். தன்னை மேடையில் பாடுகிறவள் என்று மட்டமாக நினைத்துத்தான் தயங்குகிறார் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் தன்னைத் தாழ்த்திக்கொண்டே பேசுகிற காதல் காட்சியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. டூயட்டே வேண்டாம், அந்த அஞ்சு நிமிடம் போதும்.

பாட்டும் கச்சேரியும் என்று கேட்டால் தில்லானா மோகனாம்பாள் (1968), வாதமே கிடையாது. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதிய கதை. நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள், கன்னம் உப்பியது சிவாஜி. தெரிந்தே பார்த்தாலும் நம்ப முடியாது. கத்திக் குத்துப் பட்ட கையோடு அவர் வாசிக்க, பத்மினி ஆடிக்கொண்டே 'நலந்தானா' என்று கண்ணால் விசாரிக்கிற இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பக்கத்தில் தவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாலையாவைச் சொல்கிறேன். அந்த இரண்டு பேருக்குள் நடப்பது சபையில் வேறு யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும்.

இப்போது மூன்றாவது கேசட், சிரிப்பு. இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும்.

1990 தீபாவளிக்கு வந்த மைக்கேல் மதன காமராஜனை எங்கள் கடையில் தேய்த்தே முடித்துவிட்டார்கள். ஒரு கேசட் போய் இன்னொரு கேசட் வாங்கினேன். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், நாலு கமல். நாலு பேர் எப்படிப் பிரிந்தார்கள் என்கிற கதையை வேறு யாராவது எடுத்திருந்தால் முக்கால் மணி நேரம் ஆக்கியிருப்பார்கள். 'கதை கேளு' என்று ஒரே பாட்டில் சொல்லி முடித்து, இனி சிரிக்கிற வேலையைப் பாருங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரனும், அப்பாவாக வரும் டெல்லி கணேஷும் கல்யாண வீட்டுச் சாம்பாரில் விழுந்த மீனோடு படுகிற பாடு இருக்கிறதே, அதில் ஒருவர்கூடச் சிரிக்க வைக்க முயற்சி செய்வதில்லை. ஐயர் வீட்டுக் கல்யாணம், பந்தி ஆரம்பிக்கப்போகிறது, சாம்பாரில் மீன். அவர்களுக்கு அது உயிர் போகிற பிரச்சினை. உண்மையான பயத்தோடு நடித்தால்தான் நமக்குச் சிரிப்பு வரும் என்று யார் கண்டுபிடித்தார்களோ.

அந்தப் பாடத்துக்கு மூலப் பாடம் ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை (1964). 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பாவாக நாகேஷ் தன் அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி. கதவு கிறீச்சிடுவது, ஊளை என்று எல்லாச் சத்தமும் நாகேஷே எழுப்புவார். அந்தக் காட்சியைப் பத்து முறை பார்த்தவர்களிடம் ஒன்று சொல்வேன்: பதினோராவது முறை நாகேஷைப் பார்க்காதீர்கள், அப்பாவையே பாருங்கள். பேசுவது ஓரிரண்டு சொல்தான், பயம் மட்டும் கழுத்திலிருந்து ஏறி நெற்றி வரை போகும். எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அந்த அப்பாவும் பாலையாதான். மூன்று படத்திலும் மனிதர் இன்னொருவர் செய்வதைக் கேட்டுக்கொண்டே காட்சியைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார்.

அரசியல் படத்துக்கு மணிவண்ணனின் அமைதிப்படை (1994). இதைத்தான் 'நாற்காலி படம்' என்று கேட்பார்கள். தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை, மணிவண்ணன் தயவில் தேர்தலில் நிற்கிறான். ஓட்டு எண்ணிக்கை நடக்கும்போது நாற்காலியின் நுனியில் பவ்யமாக ஒட்டிக்கொண்டிருக்கிறான். முன்னிலை ஏற ஏற உடம்பு பின்னால் நகர்கிறது. முதுகு சாய்கிறது. கால் மேல் கால் ஏறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மணிவண்ணன் ஒவ்வொரு நகர்வையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருவார். வசனத்துக்குப் பேர்போனவர் எடுத்த படத்தில் ஆகச் சிறந்த இடம் பேச்சே இல்லாத இடம். எங்கள் ஊரில் ஒரு உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு ஜெயித்தவரைப் பார்க்கப் போனபோது என் கண் முதலில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில்தான் போனது. அதற்கு மேல் சொல்லமாட்டேன், ஊரில் இருக்க வேண்டியவன்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் போடுகிற தட்டுக்கு வருவோம். துப்பறியும் படத்தில் அந்த நாள் (1954). வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுதியது, ஏவி.எம். தயாரிப்பு. பராசக்தி வந்து இரண்டே வருடம், சிவாஜி கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்த நேரம். அவரைப் படம் தொடங்கியதுமே சுட்டுக் கீழே தள்ளிவிடுகிறார்கள். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943-ஆம் வருடத்துக் கதை. மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக, செத்தவரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். யார் சுட்டது என்று நான் சொல்லமாட்டேன், அதைச் சொல்கிறவர்களோடு சேராதீர்கள். பாட்டே கிடையாது. ஒரு முறை ஒரு பெரியவர் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, பாட்டையெல்லாம் வெட்டிவிட்டு வாடகை மட்டும் முழுசாக வாங்குகிறாயா என்று சண்டைக்கு வந்தார். படமே அப்படித்தான் என்றால் நம்பவில்லை. பாதி வாடகையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பேய்ப் படம் கடையை மூடிய பிறகு வந்தது, யாவரும் நலம் (2009), விக்ரம் குமார் எடுத்தது. புது அபார்ட்மென்டில் 13-வது மாடி, 13 பி. அங்கே பேய் செய்வது மாடிப்படியில் வெள்ளைப் புடவையோடு நடப்பது இல்லை. பால் திரிந்துபோகிறது. மாதவன் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகர மாட்டேன் என்கிறது. சாமி படம் மாட்டச் சுவரில் ஓட்டை போட முடியவில்லை. வீட்டுப் பெண்கள் மத்தியானம் பார்க்கிற டிவி சீரியலில் தங்கள் வீட்டுக் கதையே ஓடுகிறது. பால் திரிந்தால் நம் வீட்டில் என்ன செய்வோம்? பால்காரரைத் திட்டுவோம். அதனால்தான் பயம். அந்தப் படம் பார்த்த மறுநாள் காலையில் என் மனைவி பாலைக் காய்ச்சிவிட்டு அடுப்பங்கரையிலிருந்து "நல்லாத்தான் இருக்கு" என்று குரல் கொடுத்தார். நான் எதுவும் கேட்கவே இல்லை.

விஞ்ஞானக் கதை நம்மிடம் குறைவு. 1963-லேயே வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிற கலை அரசி வந்துவிட்டது, எம்.ஜி.ஆர். படம். வேற்றுக் கிரகத்துக்கும் நம்மிடம் வேண்டியது பாட்டு வாத்தியார்தான் என்று நினைத்தார்கள் பாருங்கள். எனக்குப் பிடித்தது இன்று நேற்று நாளை (2015). கால இயந்திரம் கைக்குக் கிடைத்தால் உலகத்தைக் காப்பாற்றுவார்கள் வெளிநாட்டுப் படத்தில். இங்கே இரண்டு பேர் அதை வைத்துக் காணாமல் போன சாமான்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஜோசியக் கடை நடத்துகிறார்கள். நம் ஊர் ஆள் கையில் கிடைத்தால் அப்படித்தான் நடக்கும்.

அடிதடியில் ஆரண்ய காண்டம் (2011), விளையாட்டில் சார்பட்டா பரம்பரை (2021). முதலாவதில் எல்லோரும் தாதாக்களைப் பேசுவார்கள், எனக்குச் சேவல் சண்டைக்கு வந்து மாட்டிக்கொள்ளும் காளையனும் அவர் பையன் கொடுக்காப்புளியும்தான் படம். இரண்டாவதை வீட்டில் செல்போனில் பார்த்தேன், அது என் தலையெழுத்து. டான்சிங் ரோஸ் மேடைக்குள் ஆடிக்கொண்டு இறங்கும்போது அந்தச் சின்னத் திரைக்கு எதிரே எழுந்து நின்றுவிட்டேன்.

குழந்தைகள் படம் காக்கா முட்டை (2015). 299 ரூபாய், அதுதான் படம். தண்டவாளத்தில் விழுந்த கரியைப் பொறுக்கி எடைக்குப் போட்டு அந்தப் பணத்தைச் சேர்க்கிறார்கள் இரண்டு பையன்கள். கையில் காசு இருந்தாலும் பீட்சா கடைக்குள் நுழைய முடியாது, அதற்கு வேறு சட்டை வேண்டும் என்று பிறகுதான் தெரிகிறது. துண்டு நோட்டீஸில் இருக்கிற படத்தைப் பார்த்துப் பாட்டி தோசை மாவில் பீட்சா செய்து தருகிற இடத்தில் தியேட்டரே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் சிரிக்காமல் முந்தானையை எடுத்தார். மணிகண்டன் அழச் சொல்லவும் இல்லை, சிரிக்கச் சொல்லவும் இல்லை.

நண்பர்களோடு சனிக்கிழமை ராத்திரி உட்காருவதாக இருந்தால் என் பழைய வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள்: திருவிளையாடல், முள்ளும் மலரும், மைக்கேல் மதன காமராஜன், அந்த நாள். உதிரிப்பூக்களை நடுவில் எங்கேயும் செருகாதீர்கள், அதற்கப்புறம் யாரும் அடுத்த படத்தைப் போடச் சொல்லமாட்டார்கள். பேய்ப் படம் கட்டாயம் வேண்டும் என்றால் காலைப் பாலை முதல் நாளே வாங்கிக் காய்ச்சி வைத்துவிடுங்கள்.